சொர்க்கத்தில் நாய்க்கு இடம் உண்டா?

திருவெறும்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: 'தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். வருஷத்தில் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைப்பதே அபூர்வம். வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதை அழைத்துக்கொண்டும் போக முடியவில்லை, விட்டுவிட்டும் போக முடியவில்லை. ஏதாவது வழி சொல்லுங்களேன்.'

கவலைப்படாதீர்கள் சார், நீங்கள் தனி ஆள் இல்லை. நாய் வளர்க்கிற வீடுகளில் லீவு என்று வந்தால் வழக்கமாக மூன்று வழிகள். ஒன்று, மச்சினன் வீட்டில் விடுவது. மறுநாள் காலையிலேயே போன் வரும். "அத்திம்பேர், சோபா போயிடுத்து." இரண்டு, காசு கொடுத்து நாய் விடுதியில் விடுவது. அவர்கள் கேட்கிற தொகைக்கு, நாயை வீட்டில் வைத்துவிட்டு நாமே அங்கே போய்த் தங்கிவிடலாமா என்று தோன்றும். மூன்றாவதுதான் முக்கால்வாசி வீடுகளில் நடப்பது. குடும்பம் ஊருக்குப் போகும். ஒருத்தர் மட்டும் நாய்க்குத் துணையாக வீட்டில் இருப்பார். அவர் யார் என்பதற்கு ஓட்டெடுப்பு எதுவும் கிடையாது. 'எனக்கென்ன, நீங்கள் போய்விட்டு வாருங்கள்' என்று முதல் தடவை யார் சொல்கிறாரோ, அவருக்கு அந்தப் பதவி ஆயுளுக்கும் நிச்சயம்.

எங்கள் வீட்டில் அது அம்மாவுக்கு. ஏழு வருஷம் வகித்தாள்.

நாலாவது வழி ஒன்றும் இருக்கிறது. ராத்திரியில் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவது. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு நாயே அப்படி யாரோ இறக்கிவிட்டதுதான் என்று நினைக்கிறேன்.

* * *

2018 ஆகஸ்டில் காவிரியும் கொள்ளிடமும் கரை முட்டிக்கொண்டு ஓடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய இரும்புப் பாலம், 1928-ல் கட்டியது, அந்த வெள்ளத்தில்தான் தூண் சரிந்து உட்கார்ந்தது. ஊரே வேடிக்கை பார்க்கப் போயிற்று. நானும் போனேன். திரும்பும்போது கரையோரமாக ஒரு குட்டி, முழுக்க நனைந்து, கூட்டத்தில் ஒவ்வொரு காலாகப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்தது. என் காலில் விசாரணையை முடித்துக்கொண்டது.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பு வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலில் திண்ணை, அப்புறம் ரேழி, கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை. வீதியில் நுழைந்து கொல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு காபி ஆறிவிடும். இதில் நாய்க்கு ரேழி வரை விசா. கூடத்து நிலைப்படி சர்வதேச எல்லை. தெரியாமல் வால் பட்டால்கூட அம்மாவுக்கு விழுப்பு. உடனே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

"ரெண்டு நாள் வெச்சுக்கோ. வெள்ளம் வடிஞ்சதும் யார் கிட்டயாவது குடுத்துடணும்" என்றாள். பெயர் வைத்தால் தங்கிவிடும் என்று பெயர் வைக்கவும் விடவில்லை. 'அது' என்றே குறிப்பிட்டாள். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். வெள்ளம் வடிந்தது. அது தங்கிவிட்டது. 'அது' என்று கூப்பிட்டால் காதைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்.

முதலில் எதிர்த்தவர்தான் கடைசியில் பொறுப்பேற்றுக்கொள்வார் என்பது ஆபீஸுக்கு மட்டும் பொருந்துகிற விதி இல்லை. காலையில் பால், மத்தியானம் தயிர் சாதம், சாயங்காலம் அம்மாமண்டபம் ரோடு வரை நடை, எல்லாம் அம்மா கைக்குப் போயிற்று. கும்பகோணத்தில் என் பெரியம்மா பேத்திக்குக் கல்யாணம். "நீங்க போயிட்டு வாங்கோ. அதுக்கு யார் சாதம் போடறது?" சென்னையில் தங்கைக்கு வளைகாப்பு. விடியற்காலை பல்லவனில் போய், சாயங்காலம் அதே பல்லவனில் திரும்பிவிட்டாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் போனார்கள். அம்மா வாசலில் நின்று கை காட்டினாள். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிடையரானவர். பாஸ் இருந்தும் பயன் இல்லை.

கவனியுங்கள். நாயைக் கட்டிப்போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சங்கிலியின் இன்னொரு முனையில் யார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

* * *

நாயோடு மலை ஏறிப்போய் இடம் கேட்ட முதல் ஆள் தருமபுத்திரர். மகாபாரதக் கடைசியில், மகாபிரஸ்தானிக பர்வத்தில் வருகிறது. திரௌபதியும் தம்பிமார்களும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட, கூடவே வந்த நாய் மட்டும் மிஞ்சுகிறது. இந்திரன் ரதத்தோடு வந்து 'ஏறு' என்கிறான். தருமர், 'நாயும் வரும்' என்கிறார். இந்திரன், 'அதற்கு அனுமதி இல்லை' என்கிறான். அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது, வேறு அறையும் இல்லை, மலை உச்சியில் நிற்கிறார். நாமாக இருந்தால் நாயைக் கைப்பிடிச் சுவரில் கட்டிவிட்டு உள்ளே போயிருப்போம். 'நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம்' என்கிறார் தருமர். அப்புறம் நாயே தர்மதேவதை என்று தெரிந்து எல்லாம் சுபம்.

இங்கிலாந்தில் இந்த விவகாரத்தைப் புராணம் இல்லாமலே தீர்த்திருக்கிறார்கள். 1965-ல் ஆரம்பித்த லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அமைப்பு, இடிந்துபோகிற நிலையில் இருக்கும் பழைய மாளிகை, கோபுரம், பண்ணை வீடுகளையெல்லாம் எடுத்துப் பழுது பார்த்து, விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. அந்த வாடகையில் கட்டடம் பிழைக்கிறது. நிறைய இடங்களில் நாயும் வரலாம்.

நம் ஊரில்? ஒரு சாயங்காலம் உட்கார்ந்து வரிசையாகப் போன் போட்டேன்.

"ரூம் இருக்கா?"

"இருக்கு சார். எத்தனை பேர்?"

"மூணு பேர். ஒரு நாய்."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு, "சார், இது டீசன்ட்டான லாட்ஜ்."

இன்னொருவர் தயவுள்ளவர். "வெஜிடேரியனா சார்?" "தயிர் சாதம்தான்." "அப்ப ஒண்ணும் பிரச்னையில்லை. வாட்ச்மேனோட கேட்டுக்கு வெளியில படுத்துக்கட்டும்."

மூன்றாமவர் 'நாய் எந்த ஜாதி' என்று கேட்டார். கொள்ளிடம் என்றேன். வைத்துவிட்டார்.

ரயிலும் சுலபமில்லை. ஏ.சி. முதல் வகுப்பில் கூபேயோ கேபினோ முழுசாக நம் பெயரில் இருந்தால்தான் நாய் நம்மோடு வரலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கிற இரும்புக் கூண்டு. ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் கிடையாது. நாலு பெர்த்தையும் நாய்க்காக வாங்குகிற வசதி இருந்தால் நான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருப்பேனா?

கடைசியில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களா கிடைத்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம். பின்பக்கமாக ஒரு சின்னக் காட்டேஜ், அதைத்தான் வாடகைக்கு விடுகிறார்கள். நாய் வரலாம். மூன்று நிபந்தனை: நாய்க்கு ஒரு ராத்திரிக்கு 500 ரூபாய் தனி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே விடக்கூடாது, வெறிநாய்த் தடுப்பூசி போட்ட சர்டிபிகேட் கையில் இருக்கவேண்டும்.

முதல் இரண்டும் புரிந்தது. மூன்றாவதைக் கேட்டதும் அப்பா, "நமக்கே யாரும் சர்டிபிகேட் கேக்கலை" என்றார்.

* * *

அந்த சர்டிபிகேட்டுக்குப் பின்னால் ஒரு மலைக் கதை இருக்கிறது. 1902-ல் நீலகிரியில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை வெறிநாய் கடித்தது. பாரிஸில் பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு ஊசி போட்டுப் பிழைக்கவைத்தது 1885-ல். மருந்து வந்து பதினேழு வருஷம் ஆகியும் இந்தியாவில் அதற்கான இடம் இமயமலை அடிவாரம் தாண்டி, கசௌலியில் இருந்தது. நீலகிரியில் இருந்தவருக்கு அது எந்த மூலை! அவர் இறந்துபோனார். அந்தச் சாவு ஊரை உலுக்கியது. தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்று நிதி திரட்டினார்கள். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்தது. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். சிம்ஸ் பார்க் போகிறவர்கள் எதிரே பார்த்திருப்பீர்கள்.

நம்மில் சிலருக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினாலு ஊசி இன்னும் ஞாபகம் இருக்கும். அது கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் கண்டுபிடித்த, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. 2004-க்குப் பிறகு அது இந்தியாவில் இல்லை. இப்போது கையில் நாலைந்து ஊசிதான். ஊசி எளிதாகிவிட்டது, நோய் ஆகவில்லை. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கடித்தால் முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவவேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, மந்திரம் எதுவும் வேண்டாம்.

ஆகவே பங்களாக்காரர் கேட்டது நியாயம். கால்நடை டாக்டரிடம் கொண்டு போனோம். ஊசி போட்டுவிட்டு மஞ்சள் அட்டையில் முத்திரை குத்தினார். பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தார். நாங்கள் சொன்னால்தானே!

* * *

வைகுண்ட ஏகாதசிக் கூட்டமெல்லாம் வடிந்து தை பிறந்த பிறகுதான் அம்மா சம்மதித்தாள். ஆபீஸ் நண்பன் ஒருவனின் பழைய ஆம்னி வேன், அவனே டிரைவர். கொள்ளிடம் தாண்டி, டோல்கேட்டில் திரும்பி, காவிரியை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே போகிற சாலை. குணசீலம் வந்ததும் அம்மா வண்டிக்குள் இருந்தபடியே கும்பிட்டாள். மனசு சரியில்லாதவர்களை அழைத்துக்கொண்டு வருகிற க்ஷேத்திரம் அது. நாய்க்கு டிரிப் போடுகிற பிள்ளைக்காக வேண்டிக்கொண்டாளோ என்னவோ, கேட்கவில்லை. முசிறி, தொட்டியம், நாமக்கல். நாமக்கல்லில் பதினெட்டு அடி ஆஞ்சநேயரை முறை வைத்து சேவித்தோம். ஒருவர் மாற்றி ஒருவர் வண்டியில் நாய்க்குக் காவல். அம்மா போனபோது அது ஜன்னலில் மூக்கை வைத்து அழுத அழுகையில் ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

சேலத்துக்கு அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவதில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பதினொன்றில் அது ஒரு மாதிரி வாயை நக்க ஆரம்பித்தது. காலையில் சாதம் போடாமல் அழைத்து வந்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று பதினாலில் தெரிந்தது.

ஏற்காடு என்பது ஏரியும் காடும். உயரம் ஐயாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைச்சல். சேர்வராயன் மலையில் இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இங்கே காபியைக் கொண்டுவந்து நட்டார். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட்டில் ஆரம்பித்தது. பேரிக்காய், ஆப்பிள் என்று இன்னும் என்னென்னவோ நட்டுப் பார்த்தார். கலெக்டர் வேலைக்கு நடுவே இவ்வளவு தோட்ட வேலைக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்று நம் ஆபீஸர்கள் யோசிக்கலாம். காபிச்செடிக்கு நேர் வெயில் ஆகாது. அதனால் மேலே சில்வர் ஓக் மரங்கள் நிழல் தரும். அந்த மரத்தில் மிளகுக்கொடி ஏறும். ஒரே நிலத்தில் மூன்று மாடி விவசாயம்.

துரைமார்கள் நாய்ப் பிரியர்கள். அந்தக் காலத்து வெள்ளைக்கார வீடுகளில் சமையல்காரன், தோட்டக்காரன் மாதிரி நாயைப் பார்த்துக்கொள்ளவென்றே ஒரு பையன் இருப்பான். 'டாக் பாய்' என்று உத்தியோகப் பெயர். சிட்டகாங்கில் பஹார்தலி ஐரோப்பியன் கிளப் வாசலில் 'நாய்களுக்கும் இந்தியர்களுக்கும் அனுமதி இல்லை' என்ற பலகை இருந்ததாகச் சொல்வார்கள். 1932 செப்டம்பரில் பிரீத்திலதா வத்தேதார் தலைமையில் புரட்சிக்காரர்கள் அந்தக் கிளப்பைத் தாக்கினார்கள். கிளப் வாசலில் அப்படி இருந்தாலும் பங்களாவில் நாய் கட்டிலுக்குப் பக்கத்தில் தூங்கியது. காபி பறித்தவர்கள் சரிவில், லைன் வீடுகளில் தூங்கினார்கள். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் வைத்தியமும் தரவேண்டும் என்று சட்டம் வருவதற்கு 1951 ஆயிற்று.

இன்றைக்கு அதே மாதிரி ஒரு பங்களா வாசலில் ஓர் இந்தியனும் நாயும் நின்றோம். இரண்டு பேருக்கும் அனுமதி இருந்தது. ரசீதும் தனித்தனியே.

* * *

மானேஜர் பெரிய ரிஜிஸ்தரைப் பிரித்தார். பெயர், வயது, ஊர், உறவு. அப்பா, அம்மா, நான் எல்லாம் எழுதியாயிற்று.

"பெட்டோட பேர்?"

யாரும் பேசவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் நண்பனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

"மணி" என்றாள் அம்மா.

கீழே படுத்திருந்த அது சட்டென்று எழுந்து, அம்மாவைப் பார்த்து வாலை ஆட்டியது.

"எப்பம்மா வெச்ச?"

"வந்த வருஷமே. நீ ஆபீஸ் போனப்புறம், அப்பா கோயிலுக்குப் போனப்புறம், நாங்க ரெண்டு பேர்தானே ஆத்துல. 'அது, அது'ன்னு எத்தனை நாழி பேசிண்டிருக்கறது?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாத சமாசாரம் ஒன்று எஸ்டேட் ரிஜிஸ்தரில் பதிவாகிவிட்டது.

காட்டேஜ் பிரமாதம். சிவப்பு ஓடு, கணப்பு அடுப்பு, சுற்றி வராந்தா, கை எட்டும் தூரத்தில் காபிச்செடி. சமையலறையை அம்மா ஒரு மணி நேரம் கழுவினாள். அப்புறம்தான் தளிகை. வாட்ச்மேன் விறகு கொண்டுவந்தார். பின்னாலேயே அவருடைய நாய், செம்மண் நிறம், வராந்தாப் படிக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"மேல வர விடமாட்டாங்கம்மா. கெஸ்ட்டு நாய்ங்களுக்கு மட்டும்தான்" என்றார். அதற்கும் அது தெரிந்திருந்தது. மணி மேல்படியிலிருந்து பார்த்தது. நம் வீட்டு ரேழி நாய் இங்கே துரை நாய். அம்மா இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு இலையில் தயிர் சாதம் போட்டு, இரண்டையும் படிக்குக் கீழே வைத்தாள். மணி இறங்கிப் போய்ச் சாப்பிட்டது.

"ஆறு மணிக்கு மேல வெளிய விட்டுடாதீங்கம்மா. சிறுத்தை வரும்" என்றார் வாட்ச்மேன். "இதுக்கு ஜோடியா ஒரு கறுப்பு நாய் இருந்திச்சு. போன மழையில எடுத்துட்டுப் போயிடுச்சு. சத்தமே வரலை."

பஸ் போயிடுச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னார். ஆனால் சொல்லும்போது கை கீழே போய், செவலையின் காதைத் தடவிக்கொண்டிருந்தது. ராத்திரி அது எங்கே படுக்கும் என்று அம்மா கேட்டாள். "என் கட்டிலுக்கு அடியிலதாம்மா. கதவை அடைச்சுடுவேன்."

அவர் மிகைப்படுத்தவில்லை. மனிதர்கள் வாழ்கிற இடங்களை ஒட்டித் திரிகிற சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. மகாராஷ்டிராவில் அகோலே பக்கத்தில் ஆராய்ச்சி செய்தபோது, அங்கே சிறுத்தைகளின் உணவில் முதலிடம் நாய்க்கு என்று தெரிந்தது. குப்பை இருக்கிற இடத்தில் நாய், நாய் இருக்கிற இடத்தில் சிறுத்தை. எஸ்டேட்டில் குப்பையை மூடி வைக்கச் சொல்வது சுத்தத்துக்காக மட்டும் இல்லை.

ராத்திரி படுக்கிற நேரம். காட்டேஜில் ரேழி கிடையாது. வராந்தாவுக்கு அடுத்தது நேராகப் படுக்கை அறை. மணி வழக்கப்படி நிலைப்படியில் நின்றுவிட்டது. ஏழு வருஷப் பழக்கம். உள்ளே வா என்று நான் கூப்பிட்டேன், வரவில்லை. அப்பா கூப்பிட்டார், வரவில்லை. வெளியே இருட்டு கட்டியாக நின்றது. தூரத்தில் எங்கேயோ செவலை இரண்டு தடவை குரைத்துவிட்டு நிறுத்தியது.

அம்மா எழுந்து வந்தாள். "வாடா உள்ள" என்றாள்.

அது நிலைப்படியைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. முன்னங்காலை மட்டும் உள்ளே வைத்துவிட்டு நின்றது. அம்மா குனிந்து, கழுத்தைப் பிடித்து, இழுக்காமல் கூடவே நடத்திக்கொண்டு வந்து தன் கட்டிலுக்குப் பக்கத்தில், தன்னுடைய பழைய ஒன்பது கஜத்தை நாலாக மடித்துப் போட்டு உட்காரவைத்தாள். கதவைத் தாழ் போட்டு, நாற்காலியும் முட்டுக்கொடுத்தாள்.

நடு ராத்திரியில் ஒரு தரம் விழித்தேன். கணப்பில் கங்கு மட்டும் இருந்தது. அம்மா தூங்கவில்லை. கட்டிலிலிருந்து கை தொங்கி, அதன் தலைமேல் இருந்தது.

காலையில் கிணற்றடிக் குளியல் ஏதும் நடக்கவில்லை. விழுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மலையில அதெல்லாம் பார்க்க முடியாது. தண்ணி ஜில்லுன்னு இருக்கு" என்றாள்.

பிறகு மணியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே நடந்தாள். கடைசிப் பறிப்பு முடிகிற சமயம்; அங்கங்கே சிவப்பாகப் பழம் மிச்சம் இருந்தது. ஒன்றைப் பறித்து மானேஜரைக் கேட்டுவிட்டுக் கடித்தாள். "தித்திக்கறதுடா!" என்று கத்தினாள். அறுபது வருஷமாக விடியற்காலை நாலு மணிக்குப் பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் போடுகிறவள். காபிச்செடியை அன்றைக்குத்தான் பார்க்கிறாள். 170 கிலோமீட்டர் கூடத் தொலைவில்லை.

* * *

திருவெறும்பூர் வாசகருக்குப் பதில்: போகலாம். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

நாய் வருகிறது என்பதை போனிலேயே சொல்லிவிடுங்கள்; மறைத்துக் கொண்டுபோனால் ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் நிற்க நேரும். வெறிநாய்த் தடுப்பூசி அட்டை ஒரு வருஷத்துக்குள் போட்டதாக இருக்கட்டும். மலைப்பாதை என்றால் கிளம்புவதற்கு முன்னால் சாதம் வேண்டாம், தண்ணீர் மட்டும். அதன் தட்டு, அது படுக்கிற பழைய துணி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் அந்த வாசனைதான் அதற்கு வீடு. சங்கிலியைக் கழற்றாதீர்கள். அது போட்ட அசிங்கத்தை நீங்களே எடுங்கள், அப்போதுதான் அடுத்த நாய்க்கு அறை கிடைக்கும். காட்டோரம் என்றால் இருட்டுவதற்கு முன்னால் உள்ளே.

முக்கியமாக, உங்கள் வீட்டில் 'எனக்கென்ன, நீங்கள் போய்விட்டு வாருங்கள்' என்று சொன்னவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். நாய்க்குக் கொடுக்கிற அந்த 500 ரூபாய் உண்மையில் அவருடைய டிக்கெட்.

எங்கள் வீட்டு நிலவரம்: ஸ்ரீரங்கம் திரும்பியதும் ரேழிச் சட்டம் மறுபடி அமலுக்கு வந்துவிட்டது. கூடத்தில் கால் வைத்தால் பழையபடி சத்தம்தான். ஆனால் 'மணி' என்று உரக்கவே கூப்பிடுகிறாள், வீதிக்கே கேட்கும்படி. போன வாரம் காபி கொடுக்கும்போது, "ஏண்டா, ராமேஸ்வரத்துல நாயை விடுவாளோ?" என்றாள்.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்து வாசகர்கள் யாருக்காவது தெரிந்தால் ஒரு வரி எழுதிப் போடவும். மூன்று பேர், ஒரு நாய். தயிர் சாதம்.